மெயில் பிளாக்: எதைச் சேமிப்பது, எதை இணைப்பது? – கேள்வி பதில்

மெயில் வடிவமைக்கும் கருவிகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாக்குகளை, அதாவது மெயிலின் மேல்பகுதியான ஹெடர், அடிப்பகுதியான ஃபுட்டர் போன்ற துண்டுகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கிளேவியோ, பீஃப்ரீ, மார்க்கெட்டிங் கிளவுட் என்று பல கருவிகளைப் பயன்படுத்துபவர்களிடமிருந்தும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "அந்த பட்டன் எங்கே இருக்கு?" வகைக் கேள்விகளை எடுக்கவில்லை. பட்டன்களை அவர்கள் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி: அக்கா, நான் போன வார மெயிலை டூப்ளிகேட் பண்ணி, படத்தையும் விலையையும் மாத்தி அனுப்பிடுவேன். இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்கு எதுக்கு பிளாக்கெல்லாம்?

பதில்: வாரம் ஒரு மெயில் மட்டும்தான் அனுப்புகிறீர்கள் என்றால் தேவையே இல்லை, அப்படியே தொடருங்கள். தானாகப் போகும் மெயில்கள் இருந்தால்தான் தலைவலி. புதிதாகச் சேர்ந்தவருக்கு வரவேற்பு, கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு நினைவூட்டல், வாங்கிய பின் நன்றி என்று இவற்றை ஒருமுறை அமைத்த பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. 2023 ஜூலையில் ட்விட்டர் பெயரை எக்ஸ் என்று மாற்றினார்கள். அந்த வார கேம்பெயினில் (எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் மெயிலில்) எல்லோரும் ஐகானை மாற்றிவிட்டார்கள். வரவேற்பு மெயிலின் அடியில் மட்டும் நீலக் குருவி உட்கார்ந்தே இருந்தது; இன்றும் சில கடைகளின் மெயிலில் அதைப் பார்க்கலாம். ஃபுட்டர், ஓரிடத்தில் மாற்றினால் எல்லா மெயிலிலும் மாறும் ஒரே இணைந்த பிளாக்காக இருந்திருந்தால் ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்திருக்கும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் இதே கதைதான். "விலையில் இத்தனை சதவீத வரி அடக்கம்" என்ற வாசகத்தை ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் (மெயில் மாதிரியிலும்) கையால் எழுதி வைத்திருந்தவர்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பிளாக்கை சேவ் பண்ணி நாலு மெயில்ல போட்டேன். அப்புறம் ஒரு மெயிலைத் திறந்து அதுல போன் நம்பரை மாத்தினேன். அந்த மெயில்லதான் மாறியிருக்கு, மத்த மூணுலயும் பழசே இருக்கு. கருவியில கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சேமித்த பிளாக் வேறு, இணைந்த பிளாக் வேறு. சேமித்த பிளாக்கை மெயிலில் இழுத்துப் போட்டால் ஒரு நகல் விழும். அதன்பின் நகலுக்கும் மூலத்துக்கும் சம்பந்தமில்லை. இணைந்த பிளாக்கில் மூலம் ஒன்றுதான். மெயில்கள் எல்லாம் அதைச் சுட்டிக்காட்டுகின்றன. மூலத்தை மாற்றினால் அத்தனையும் மாறும்.

எல்லாக் கருவிகளும் இரண்டையும் தருவதில்லை, தந்தாலும் ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். பீஃப்ரீயில் சேவ்டு ரோ என்பது நகல், சின்க்டு ரோ என்பது இணைப்பு. கிளேவியோவில் யுனிவர்சல் கன்டென்ட் என்றால் இணைப்பு. பிரேஸ் கருவியில் கன்டென்ட் பிளாக், கஸ்டமர் ஐஓவில் ஸ்னிப்பெட், ஸ்ட்ரிப்போவில் சின்க்ரனைஸ்டு மாட்யூல் என்பவையும் இணைப்புதான். உங்கள் கருவி எந்த வகை என்று பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். வெற்று டெம்ப்ளேட் இரண்டு எடுத்து, ஒரே பிளாக்கை இரண்டிலும் போட்டு, மூலத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

எதை நகலாக வைப்பது, எதை இணைப்பது என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இது நாளைக்கு மாறினால் எல்லா மெயிலிலும் ஒரே நேரத்தில் மாற வேண்டுமா? ஆம் என்றால் இணைப்பு. "சில மெயிலில் மட்டும்" என்று மனம் இழுத்தால் நகல். முகவரி, லோகோ, சமூக வலைத்தள ஐகான்கள், கடை நேரம், திருப்பி அனுப்பும் விதிகள் எல்லாம் முதல் வகை. ஒரு படம், ஒரு தலைப்பு, ஒரு பட்டன் என்ற பொதுவான அமைப்பு இரண்டாம் வகை. அங்கே உங்களுக்குத் தேவை எலும்புக்கூடு மட்டும்தான், சதை ஒவ்வொரு முறையும் வேறு.

கேள்வி: மேடம், அவசரம்! கூப்பன் கோடு தப்பா போயிடுச்சு, மெயில் அனுப்பி அரை மணி ஆச்சு. பிளாக் இணைச்சதுதான். இப்ப மாத்தினா போன மெயில்ல மாறுமா?

பதில்: மாறாது. எழுத்து என்பது மெயிலோடு போய்விட்டது, அவர்கள் இன்பாக்ஸில் இருப்பதை நீங்கள் தொட முடியாது. படம் மட்டும் திறக்கும்போது உங்கள் சர்வரிலிருந்து வருவதால், அதே முகவரியில் வேறு படத்தை வைத்தால் இன்னும் திறக்காதவர்களுக்குப் புதியது தெரியலாம். ஆனால் ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாக எடுத்துச் சேமித்துக் காட்டுகிறது, அதனால் அதையும் நம்பியிருக்க முடியாது.

பிளாக்கை விடுங்கள், கடையின் நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். தப்பாகப் போன அந்தக் கூப்பன் எழுத்துகளையே செல்லுபடியாகும் கூப்பனாக உருவாக்கிவிடுங்கள். மன்னிப்பு மெயில் அனுப்புவதைவிட இது மேல். வாங்க வந்தவருக்குத் தப்பு நடந்ததே தெரியாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஷெட்யூல் செய்து வைத்திருக்கும் மெயில். சில கருவிகள் ஷெட்யூல் செய்த நேரத்தில் பிளாக்கை உறைய வைத்துவிடும், சில அனுப்பும் நேரத்தில்தான் எடுக்கும். பிளாக்கை மாற்றினால் ஷெட்யூலை ரத்து செய்து, சோதனை மெயில் பார்த்து, மீண்டும் போடுவதே எனக்குப் பழக்கம்.

கேள்வி: நாங்க ஒரு சின்ன ஏஜென்சி. கிளையன்ட் பக்கத்துல ஒருத்தர் ஃபுட்டர்ல "தீபாவளி தள்ளுபடி 20%"னு சேர்த்துட்டார். அது வரவேற்பு மெயில், ஆர்டர் மெயில் எல்லாத்துலயும் போய், கார்த்திகை தீபம் வரைக்கும் ஓடிச்சு. இதை எப்படித் தடுக்கிறது?

பதில்: அவர் மேல் பெரிய தப்பில்லை. ஒரு மெயிலைத் திறந்து, அந்த மெயிலைத் திருத்துவதாக நினைத்துத்தான் செய்திருப்பார். பொதுக் குழாயில் சாயம் கலந்தால் தெரு முழுக்கக் கலர் தண்ணீர்தான் வரும் என்று அந்தத் திரையில் அவருக்குப் புரியும்படி இருந்திருக்காது.

முதல் காரியம் பெயர். "ஃபுட்டர்" என்று வைக்காதீர்கள். "இணைந்தது – முதன்மை ஃபுட்டர் – எல்லா மெயிலும்" என்று வையுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும். பிறகு உங்கள் கருவியில் அனுமதி நிலைகள் இருந்தால், இணைந்த பிளாக்கைத் திருத்தும் உரிமையை ஒருவர், மிஞ்சினால் இருவருக்கு மட்டும் கொடுங்கள்.

இதைவிடப் பயனுள்ளது ஒன்று உண்டு. பண்டிகை அறிவிப்புக்கென்றே ஃபுட்டருக்கு மேலே தனியாக ஒரு இணைந்த பிளாக் வைத்துவிடுங்கள். கிளையன்ட் கை வைக்க ஒரு இடம் கிடைத்துவிடுகிறது, ஃபுட்டர் பிழைக்கிறது. தேதி பார்த்துத் தானே மறையும் நிபந்தனையைப் போட முடிந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் பண்டிகைக்கு மறுநாள் காலை அலாரம் வையுங்கள்.

ஒரே ஒரு மெயிலுக்கு மட்டும் ஃபுட்டர் மாற வேண்டுமா? இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த மெயிலில் மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் வழி இருக்கும். துண்டித்த மெயில் அனாதை, இனி மூலம் மாறினால் அதற்குத் தெரியாது என்பதை எங்காவது குறித்து வையுங்கள்.

கேள்வி: ஃபுட்டரில் சட்டப்படி என்னென்ன இருக்கணும்? எங்க வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அமெரிக்காவில்.

பதில்: அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டப்படி வணிக மெயிலில் உங்கள் உண்மையான தபால் முகவரியும், விலகும் வழியும் இருக்க வேண்டும். விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். இவை இரண்டும் இணைந்த பிளாக்கில் இருந்தால் அலுவலகம் மாறும்போது பயமில்லை.

இங்கே பலர் குழம்பும் ஓரிடம் உண்டு. 2024 முதல், மொத்தமாக அனுப்புபவர்களிடம் (ஜிமெயிலின் கணக்கில் ஒரு நாளில் 5,000க்கு மேல்) ஜிமெயிலும் யாஹூவும் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கேட்கின்றன. அது உங்கள் ஃபுட்டரில் இருக்கும் லிங்க் இல்லை. மெயிலின் மறைவான தலைப்பு வரிகளில் கருவி சேர்ப்பது. ஃபுட்டர் பிளாக்கை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது வராது. கருவியின் அமைப்பில்தான் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: தமிழில் செய்திமடல் அனுப்புறோம். ஜிமெயிலில் பாதியில் வெட்டி, "முழு செய்தியைக் காண்க"ன்னு காட்டுது. ஆங்கிலப் பதிப்பு இதே நீளம், அது வெட்டுப்படறதில்லை. பிளாக்குகளாலயா?

பதில்: பாதி பிளாக்குகளால், பாதி தமிழால். மெயிலின் பின்னால் இருக்கும் குறியீடு (எச்டிஎம்எல்) சுமார் 102 கேபி (கிலோபைட்) அளவைத் தாண்டினால் ஜிமெயில் வெட்டும். படங்களின் எடை இதில் சேராது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட். சில கருவிகள் ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு குறியையும் எண் வடிவக் குறியீடாக மாற்றிவிடும். அப்போது குறிக்கு 7 பைட், அதே சொல் 35 பைட். உங்கள் மெயிலின் மூலக் குறியீட்டைத் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிகிறதா, எண்களாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனாலும் வெறும் எழுத்தால் 102 கேபி நிரம்புவது அரிது. பெரிய குற்றவாளி, கைபேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று இரட்டையாகச் செய்த பிளாக்குகள். திரையில் ஒன்றுதான் தெரிகிறது. மெயிலில் இரண்டும் போகின்றன, எடையும் இரண்டுக்கும்தான். வாடிக்கையாளரின் மொழியைப் பார்த்துக் காட்டும் நிபந்தனை அப்படி இல்லை. அது அனுப்பும் முன்பே சர்வரில் முடிவாகிவிடுவதால் வேண்டாதது போவதே இல்லை. ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டையும் நிபந்தனையோடு ஒரே டெம்ப்ளேட்டில் வைப்பதில் தவறில்லை. அடுத்த குற்றவாளி, வேர்டிலிருந்து அப்படியே ஒட்டிய பத்திகள். கண்ணுக்குத் தெரியாத குப்பை அதோடு வந்துவிடும். அதை ஒருவர் பிளாக்கில் ஒட்டி இணைத்துவிட்டால் எல்லா மெயிலும் குப்பை சுமக்கும். நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள்.

வெட்டுப்பட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை. அடியில் இருக்கும் விலகும் லிங்க் மறைகிறது, ஆத்திரத்தில் ஸ்பாம் பட்டனை அழுத்துகிறார்கள். திறந்தவர்களைக் கணக்கிடும் படமும் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும், அதனால் கணக்கும் குறைவாக வரும்.

கேள்வி: தமிழுக்கு அழகான ஃபான்ட் ஒன்றை ஹெடர் பிளாக்கில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆப்பிள் மெயிலில் தெரியும். ஜிமெயில் இப்படி இணையத்திலிருந்து வரும் வெப் ஃபான்டை எடுத்துக்கொள்ளாது, அவரவர் கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் எழுத்துதான்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. எனவே அந்த எழுத்துகளில் வரி உடைகிறதா என்று பாருங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்டுங்கள், கொம்பும் சுழியும் முட்டாது. முழுப் பத்தியையும் படமாக்கி ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்க பொங்கல் கேம்பெயின் ஆடி மாசத்திலும் விற்பனை காட்டுது. எப்படி?

பதில்: இணைந்த பிளாக்கில் இருக்கும் ஏதோ ஒரு பட்டனின் லிங்கில், பொங்கல் கேம்பெயினின் யுடிஎம் குறி (வந்தவர் எந்த கேம்பெயினிலிருந்து வந்தார் என்று கணக்கிட லிங்கில் சேர்ப்பது) கையால் எழுதப்பட்டிருக்கும். ஆறு மாதமாக எந்த மெயிலில் அந்தப் பட்டனை அழுத்தினாலும் பொங்கல் கணக்கில் விழுகிறது. இணைந்த பிளாக்கில் வெறும் லிங்க் மட்டும் வையுங்கள். யுடிஎம்மைக் கருவியே ஒவ்வொரு மெயிலுக்கும் சேர்க்கும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருட்டுத் திரையில் (டார்க் மோட்) லோகோ காணாமல் போகிறது.

பதில்: பின்னணி இல்லாத படத்தில் கறுப்பு எழுத்து. எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் சேர்த்துப் படத்தை மாற்றுங்கள். வெளிச்சத் திரையில் அது தெரியாது.

கேள்வி: மார்க்கெட்டிங் கிளவுடில் பிளாக்கை அழைக்க பெயர், ஐடி, கீ என்று மூன்று வழி இருக்கு. எது?

பதில்: கீ. பெயர் வழியில் ஃபோல்டர் பாதையும் சேர்ந்து வரும், யாராவது ஃபோல்டரை ஒழுங்குபடுத்தினால் உடையும். ஐடி என்பது கருவி தரும் எண். வேறு பிசினஸ் யூனிட்டுக்கு (கணக்குக்குள் இருக்கும் தனிப் பிரிவுக்கு) நகலெடுத்தால் அங்கே வேறு எண். கீயை நீங்களே வைக்கலாம், எங்கே போனாலும் அதையே வைக்கலாம்.

கேள்வி: மெயில்சிம்ப்பிலிருந்து கிளேவியோவுக்கு மாறுகிறோம். பிளாக்குகளை அப்படியே கொண்டுபோக முடியுமா?

பதில்: தோற்றத்தைக் கொண்டுபோகலாம், இணைப்பைக் கொண்டுபோக முடியாது. அங்கே புதிதாக உருவாக்கி இணைக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர் வரும் இடங்களையும் கவனியுங்கள். மெயில்சிம்ப்பில் நட்சத்திரமும் செங்குத்துக் கோடும் போட்டு எழுதுவோம், கிளேவியோவில் இரட்டை நெளிவு அடைப்பு. பழையதை விட்டுவிட்டால் வாடிக்கையாளருக்கு "வணக்கம்" என்பதற்குப் பின் அந்தக் குறியே அப்படியே போய்ச் சேரும். குறியீடு எழுதத் தெரிந்த ஆள் குழுவில் இருந்தால், மெயில்ஜெட் நிறுவனம் உருவாக்கிய எம்ஜேஎம்எல் என்ற மெயில் குறியீட்டு மொழியைப் பாருங்கள். அதில் ஹெடர், ஃபுட்டரைத் தனிக் கோப்புகளாக வைத்து எல்லா மெயிலிலும் சேர்க்கலாம், எந்தக் கருவிக்கும் அடிமையில்லை. ஆனால் ஃபுட்டரை மாற்றினால் எல்லா மெயிலையும் மீண்டும் உருவாக்கிப் பதிவேற்ற வேண்டும். ஸ்ட்ரிப்போ போன்ற வெளிக் கருவியில் செய்து ஏற்றுமதி செய்பவர்களுக்கும் இதேதான், ஏற்றுமதியான பிறகு இணைப்பு கிடையாது.

கேள்வி: பிளாக் நூலகத்தில் "பேனர் இறுதி", "பேனர் இறுதி 2", "பேனர் இறுதி உண்மையிலேயே" என்று குவிந்து கிடக்கு. அழிச்சிடலாமா?

பதில்: நகல் வகை என்றால் தாராளமாக அழியுங்கள், ஏற்கெனவே மெயிலில் விழுந்தவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இணைந்தவை என்றால் எங்கெங்கே பயன்படுகிறது என்று கருவி காட்டும் பட்டியலைப் பார்க்காமல் தொடாதீர்கள். அப்படிப் பட்டியல் இல்லாத கருவியானால், பெயருக்கு முன்னால் "அழிக்கப்போவது" என்று சேர்த்து, உங்கள் தானியங்கி மெயில்கள் அனைத்திலும் ஒரு சோதனை மெயில் எடுத்துப் பார்த்துவிட்டு அழியுங்கள். "இறுதி உண்மையிலேயே" மட்டும் ஏதோ ஓர் ஆர்டர் மெயிலில் ஓடிக்கொண்டிருக்கும், அதை முதலில் தேடுங்கள்.