நடவுக்கு வந்தவர்களும் அம்மாவின் கோபமும்

கேள்வி: அக்கா, திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். பதினோரு பேர் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறோம். நடவுக்கு வரும் மேற்கு வங்கத் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம், காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை காசா, சூடான், உக்ரைன் பற்றிப் படம் போட்டுக் காட்டிப் பேசுகிறோம். என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ‘அவங்க வந்ததாலதான் இந்த வருஷம் எனக்குப் பாதி நாள் வேலை இல்ல. நீ அவங்களுக்கே பாடம் நடத்துறியா?’ என்று கேட்டார். பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. ஊரிலும் ‘நம்ம பஞ்சாயத்தே தீரல, இதுல உலகப் பஞ்சாயத்து எதுக்கு?’ என்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?
பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். ஆனால் அம்மா பேசியதை வீட்டுச் சண்டை என்று ஒதுக்கியும் விடாதீர்கள். உங்கள் குழு இதுவரை கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

டெல்டாவில் ‘வெளியூர் ஆள்’ என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். கூலி உயர்த்திக் கேட்ட ஊரில் வெளியூர் ஆளை இறக்கி வேலையை முடித்துக்கொள்வது மிராசுதார்களின் பழைய வழி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்களே, அதற்கு முன்னால் நடந்த தகராறிலும் கூலியும் வெளியூர் ஆட்களும்தான் இருந்தன. உங்கள் அம்மா அதைக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். அவருடைய கோபத்துக்கு உங்கள் குழுவில் யாராவது ‘வெறுப்பு’ என்று பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சேற்றில் நாள் முழுக்க குனிந்து நிற்கும் ஒரு பெண் தன் வேலை நாள் குறைவதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அந்த வங்கத்து ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்பதையும் அம்மாவிடம் பேசுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வந்துவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் நடவு. நாற்று முற்றிவிடும், யாரும் காத்திருக்க முடியாது. நம் பிள்ளைகளோ திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஹவுராவில் ரயில் ஏறி இவர்கள் வந்து இறங்குகிறார்கள்.

சென்ற தாளடி (இரண்டாம் போகம்) நடவின்போது நீடாமங்கலம் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் அப்படி ஒரு குழுவைப் பார்த்தேன். பன்னிரண்டு பேர். சிமென்ட் தொட்டி ஓரம் ஈர லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன, உள்ளே உரச்சாக்கை விரித்துப் படுக்கை. ஒருவர் மட்டும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். எந்த வயலில் எத்தனை ஏக்கர், எவ்வளவு முன்பணம் என்று அத்தனையும் அதில் வங்க எண்களில் இருந்தது. வங்க எழுத்தில் நான்கு பார்ப்பதற்கு அச்சு அசலாக நம் 8 மாதிரியே இருக்கும். ஏழு, 9 போலத் தெரியும். நாலாயிரம் முன்பணம் வாங்கியதாக அவர் எழுதியதை எட்டாயிரம் என்று படித்து, கணக்கு தீர்க்கும்போது நாலாயிரத்தைக் கூடுதலாகக் கழித்துவிட்டார் ஒரு மேஸ்திரி. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரின் உழைப்பில் நாலாயிரம் போய்விட்டது. அவர் அந்தப் பக்கத்தை என்னிடம் விரித்து, சேறு காய்ந்த விரலால் அந்த எண்ணையே திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினார்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தமிழ் வகுப்பை எண்ணிலிருந்து தொடங்குங்கள். வணக்கம், நன்றியெல்லாம் அப்புறம் வரட்டும். இந்தப் பக்கம் வங்க எண், அந்தப் பக்கம் நம் எண் என்று இரண்டு வரிசையில் ஒரு கணக்கு நோட்டு போட்டுக் கொடுங்கள். ஏக்கருக்கு உரிமையாளர் கொடுப்பது எவ்வளவு, மேஸ்திரி எடுப்பது எவ்வளவு, ஆளுக்கு நிற்பது எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கட்டும். அந்தக் கணக்கு உங்கள் அம்மாவுக்கும் தெரிய வேண்டும். விவசாய வேலைக்கு அரசு குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கிறது. எந்த மாநிலத்து ஆள் என்று பார்த்து அது குறையாது. வந்தவர் அதற்கும் கீழே வாங்கினால் நாளைக்கு உங்கள் அம்மாவின் கூலியும் அங்கேதான் போய் நிற்கும். உள்ளூர்ப் பெண்களே ஒரு குழுவாகச் சேர்ந்து ஏக்கர் கணக்கில் நடவு பேசி எடுக்கலாம். உங்கள் பதினோரு பேரில் யாராவது அதற்கும் நோட்டு எழுதக் கூடாதா? அம்மாவுக்கு உங்கள் குழு இதுவரை ஒரு பக்கம்கூட எழுதித் தரவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்னத் தகவல். வெளிமாநில ரேஷன் அட்டைக்கும் கைரேகை வைத்து அரிசி வாங்கும் ஏற்பாடு 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. ஒருமுறை கூடவே கடைக்குப் போய் நின்றால் போதும்.

இன்னொன்று வதந்தி. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த மாதிரி நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குப் போய், ‘இது பொய், நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல ஊரில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். அது நீங்கள்தான்.

சரி, உலகப் பஞ்சாயத்துக்கு வருவோம். படம் போட்டதும் ஆட்கள் எழுந்து போகிறார்கள் என்றால் அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் பிணங்களைத் திரையில் காட்டியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் மரியாதை வேண்டும், பார்க்கிற தாய்மாரையும் நினைக்க வேண்டும்.

போர் உங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து பேச்சை எடுங்கள். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு வழியாக மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்தத் தஞ்சை மண்ணின் கூலிக்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் தோட்டத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போய் 1942-43இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அங்கேயே செத்தார்கள். யாரோ இரண்டு அரசுகள் போட்ட சண்டை, மாண்டது நடவு நட்ட கைகள். உங்கள் ஊரிலேயே, போனவர் திரும்பி வராத வீடு ஒன்று இருக்கலாம். பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர் பக்கத்து ஊரில் யாராவது இருந்தால் அடுத்த சனிக்கிழமை அவரைப் பேசச் சொல்லுங்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்கே வைத்தார், என்ன எடுத்துக்கொண்டு கிளம்பினார், பாலைவனத்தில் எத்தனை ராத்திரி படுத்தார் என்று கேளுங்கள். அவர் பேசி முடித்த பிறகு சூடானைப் பற்றிச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 15இல் தொடங்கிய அந்தச் சண்டையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். அப்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று நம்புகிறேன். 2022இல் பொட்டாஷ் மூட்டை விலை ஏன் அப்படி ஏறியது என்று விவசாயிகளிடம் கேட்டாலே உக்ரைன் பேச்சு தானாக வந்துவிடும். ரஷ்யாவும் பெலாரசும் பொட்டாஷ் விற்கிற நாடுகள்.

வேலை தேடும் பையன்களுக்கு இந்தச் சனிக்கிழமைகள் இன்னும் முக்கியம். கணினி வேலை என்று மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கூட்டிப் போய் மோசடிக் கும்பலிடம் தள்ளப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று போய்ப் போர்முனையில் நின்ற இந்தியர்களும் உண்டு. ஏஜென்டின் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, ஒரு அரை மணி நேரம் செய்து காட்டுங்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். குழுவைப் பற்றிப் பேச வேண்டாம். இந்த வருடம் எத்தனை நாள் வேலை போனது, யார் வயலில், என்ன கூலி என்று கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அவருக்கு விருப்பம் இருந்தால் ஒருநாள் மோட்டார் கொட்டகைக்கு உங்களோடு வரட்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்று அவரே அவர்களைக் கேட்கட்டும். வங்காளத்தில் இரண்டே சொல்தான்: ‘கொத்தோ டாக்கா?’