கத்தி இல்லாத சண்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். போன வாரம் 'க்ரோஸ் ஜீரோ' என்ற ஜப்பானியப் படம் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு மணி நேரம் அடித்துக்கொள்கிறார்கள், பாடம் நடப்பதாகவே தெரியவில்லை. ஆனாலும் விசிலடிக்காத குறையாகப் பார்த்தேன். பகலெல்லாம் பையன்கள் சண்டையை விலக்கிவிடுகிறவன் ராத்திரி இதை ரசிப்பது குற்றவுணர்வாக இருக்கிறது. அப்படி இதில் என்னதான் இருக்கிறது? இதற்கு மூலமான மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இதைவிட மேல் என்கிறார்களே, உண்மையா? இதுபோன்ற வேறு படங்கள் சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குற்றவுணர்வை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். பிடித்த படத்துக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுதுவது நம்மூர்ப் படித்தவர்களின் வியாதி. மாங்காவா படமா என்ற பஞ்சாயத்துக்கும் நான் வரவில்லை. ஹிரோஷி தகாஹாஷியின் மாங்காவுக்கு முன்கதையாகப் புதிதாக எழுதப்பட்ட படம் அது. மாங்காவின் நாயகன் அதில் வருவதே இல்லை. பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். நான் டிவிடி கடை நடத்தவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், தொஷியாகி தொயோதாவின் 'ப்ளூ ஸ்ப்ரிங்'. அதில் தலைவன் ஆவதற்கு யாரையும் அடிக்க வேண்டாம். மொட்டைமாடிக் கம்பிக்கு வெளியே நின்று, பிடியை விட்டுவிட்டு, யார் அதிக முறை கைதட்டுகிறானோ அவன் தலைவன். பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் 'க்ரோஸ் ஜீரோ'வில் என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள்? சுசுரான் பள்ளியின் 'தெப்பென்', அதாவது உச்சி. அதைப் பிடித்தால் என்ன கிடைக்கும்? கேன்டீனில் ஒரு பன் கூட இலவசமாகக் கிடைக்காது. படத்தின் நாயகன் கென்ஜிக்கு மட்டும் அப்பாவின் யகுசா கும்பல், அதாவது ரவுடிக் கூட்டம், கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தப் பள்ளியை முழுசாக ஆண்டவன் என்று இதுவரை ஒருத்தனும் கிடையாது. இரண்டு மணி நேரம் மழையிலும் சேற்றிலும் புரண்டு எதிரணித் தலைவன் செரிசாவாவை வென்ற பிறகும் கென்ஜிக்கு எதிரே ரிந்தாமன் என்று இன்னொருத்தன் நிற்கிறான், மறுபடி முதலிலிருந்து. கிடைக்காத ஒன்றுக்காக, கிடைத்தாலும் பயன்படாத ஒன்றுக்காக இவ்வளவு அடி. சின்ன வயதில் கோலிக்குண்டுக்கு நாம் போட்ட சண்டையில் கூடக் குண்டு கிடைத்தது, சார்.

இன்னொன்று, இதைத்தான் நீங்கள் கவனிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய சண்டையில் ஒருத்தன் கையிலும் கத்தி இல்லை. படத்தை எடுத்த தகாஷி மீகே 2001-இல் 'இச்சி த கில்லர்' எடுத்தவர். ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டத் தெரிந்தவர். 2007-இல் வந்த இந்தப் படத்தில் அவர் பையன்களுக்கு முஷ்டியை மட்டும்தான் கொடுக்கிறார். துப்பாக்கி உண்டு, ஆனால் அது பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, பெரியவர்கள் கையில். 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். கவானிஷி என்ற பையன் முன்பு எதிர்ப் பள்ளித் தலைவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். சிறார் சிறையிலிருந்து திரும்பி வருகிறவனைச் சொந்தப் பள்ளிக்காரனும் சேர்த்துக்கொள்வதில்லை. முகம் பெயர்ந்துபோகும்வரை அடிக்கலாம், கத்தி எடுத்தால் முடிந்தது. உங்களுக்கு விசிலடிக்கத் தோன்றியது அடியைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள். இல்லை. அத்தனை வெறியிலும் ஒருத்தனும் அந்தக் கோட்டைத் தாண்டாததைப் பார்த்து. கணக்கு வாத்தியாருக்கு இதைக் கூடவா சொல்லித்தர வேண்டும்?

இதெல்லாம் எனக்கும் பின்னால் புரிந்ததுதான். முதல் முறை பார்த்தது திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், நகல் எடுத்த டிவிடியில். வசனம் ஒரு பக்கம் போக, சப்டைட்டில் நாலு வினாடி பின்னால் வரும். அறைத்தோழருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. அவர் தொழில் பழக்கிவிட்ட மூன்று பையன்கள் ஏரியா மேனேஜர் ஆகிவிட்டார்கள். அவர் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில். அன்றைக்கும் டையைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

படத்தில் கதகிரி கென் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். அதே சுசுரானில் படித்து, அங்கும் ஒன்றும் ஆகாமல், யகுசாவிலும் அடிமட்டத்திலேயே கிடக்கிற ஆள். பூப்போட்ட சட்டை, பெரிய பேச்சு. தன்னால் முடியாததைக் கென்ஜியாவது செய்யட்டும் என்று ஆள் சேர்க்கக் கற்றுக்கொடுக்கிறான். எதிரி கும்பல் தலைவனின் மகனான கென்ஜிக்கு உதவி செய்ததால் அவனுடைய தலைவனே அவனைச் சுட வேண்டியதாகிறது. அங்கே மைதானத்தில் மழையில் இருநூறு முஷ்டிகள்; ஆஸ்பத்திரியில் ஒரு பையனுக்குத் தலையில் அறுவை சிகிச்சை; இங்கே இவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் மீகே.

வெடிச் சத்தம் கேட்டது. டிஸ்க் நின்றுவிட்டது.

துடைத்துப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம். ஓடவில்லை. "செத்துட்டான் போல" என்றார். "அப்படித்தான் சார் இருக்கும்" என்றேன். அந்த மாதக் கடைசியிலேயே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து முழுப்படமும் பார்த்தேன். கென் சாகவில்லை. அவர் கொடுத்துவிட்டுப் போன நம்பரில் அன்றிரவே கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண்மணி எடுத்து, ராங் நம்பர் என்றார்.