நுகர்வோர் கேள்வி-பதில்: ஊதா விளக்குக் காட்டி விற்ற கண்ணாடி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்ட பொருட்களைப் பற்றியவை. மூக்குக் கண்ணாடி, கூலிங் கிளாஸ், லேசர், விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டர். அவற்றை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மகளுக்கு ஓ.எல். பரீட்சை. தலைவலி என்றாள். டவுனில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். நம்பர் இல்லையாம், ஆனால் ஃபோன் பார்க்கிற பிள்ளைக்கு நீல ஒளியை மறிக்கும் புளூ கட் கண்ணாடி கட்டாயம் என்றார்கள். ஊதா லைட் ஒன்றை அட்டையில் அடித்து, கண்ணாடி அதை மறைப்பதையும் காட்டினார்கள். 14,500 ரூபாய், சீட்டுக் காசு. தலைவலி போகவில்லை. (கொழுந்து எடுக்கும் தாய், தலவாக்கலை)

அம்மா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கண் முன்னால் செய்து காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? பத்து நாள் சம்பளத்தை அந்த விளக்கு வாங்கிக்கொண்டது. அதைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் இருப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடைக்காரர் கையில் இருக்கும் ஊதாப் பேனா விளக்கின் ஒளி அலைநீளம் பெரும்பாலும் 405 நானோமீட்டர். ஃபோன் திரையிலிருந்து வரும் நீலம் 450 நானோமீட்டரை ஒட்டியது. இரண்டும் வேறு வேறு ஒளி. பார்ப்பதற்கு வெள்ளையாக இருக்கிற புளூ கட் கண்ணாடிகள் 405ஐ நன்றாக மறிக்கும், 450ல் பெரும் பகுதியை உள்ளே விட்டுவிடும். 450ஐயும் முழுக்க மறித்தால் கண்ணாடி மஞ்சளாகத் தெரியும், அதை எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகாது. ஆக, அட்டையில் ஊதாப் புள்ளி விழாமல் போனது உண்மைதான். ஆனால் அது உங்கள் மகளின் ஃபோனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கண்ணாடியைச் சரித்தால் மேலே நீல மினுக்கம் தெரியும், அதையும் காட்டியிருப்பார்கள். மேற்பூச்சு நீலத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. திரையின் நீலத்தைவிடப் பல மடங்கு நீலம் பகல் வானத்திலிருந்து நம் கண்ணுக்கு வருகிறது. நாள் முழுக்க மலையில் நிற்கும் உங்களுக்கு இல்லாத புளூ கட், வீட்டுக்குள் ஃபோன் பார்க்கும் பிள்ளைக்கு எதற்கு? 2023ல் கொக்ரேன் ஆய்வுக் குழு 17 பரிசோதனைகளைச் சேர்த்து அலசியது. திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை இந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது.

முதலில் மகளை அரசாங்க ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் காட்டுங்கள். பவர் விற்கிற இடத்திலேயே பவர் பார்த்தால் போதாது. கண்ணில் குறை இல்லை என்றால், திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும் என்பதையும், கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தசை களைத்துவிடும் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடிக்கு அப்பால் பார்க்கச் சொல்வார்கள். லயத்துக் காம்பராவுக்குள் இருபது அடி கிடையாது. வாசலுக்கு வந்து எதிர் மலையைப் பார்க்கட்டும்.

அப்புறம், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தலைவலி போகும் என்று சொல்லி விற்றதை அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்து முறையிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹட்டன் – நுவரெலியா ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். மழை விட்டு வெயில் அடித்தால் ரோடு கண்ணைக் குத்துகிறது. போலரைஸ்ட் என்று ஒரு கண்ணாடி வாங்கினேன். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பி, சோதனைக்கு ஒரு சதமும் வேண்டாம். ஆட்டோவை ஓரமாக நிறுத்துங்கள். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, நனைந்த ரோட்டின் மினுக்கத்தைப் பாருங்கள். அப்படியே ஸ்டியரிங் திருப்புவது போலக் கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். மினுக்கம் மங்கித் திரும்பக் கூடினால் அசல். ஒரு மாற்றமும் இல்லை என்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி.

வெயிலின் ஒளி அலை எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீர்ப் பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, கிடையாக அதிரும் பங்குதான் அதிகம் திரும்பும். நிலைக்குத்தாக அதிர்வதை மட்டும் உள்ளே விடும்படி போலரைஸ்ட் கண்ணாடியைச் செய்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் கோடு தண்ணீரோடு சுமார் 37 பாகை சாய்ந்திருக்கும்போது கூச்சம் முழுக்க அடங்கும். தூரத்து ரோட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது கண்ணாடியின் குறை அல்ல. 1808ல் பாரிஸில் மாலுஸ் என்பவர் லக்சம்பர்க் மாளிகை ஜன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலை ஒரு படிகத்தின் வழியாகப் பார்த்து, படிகத்தைத் திருப்பித்தான் இதைக் கண்டுபிடித்தார். நீங்கள் ரோட்டோரத்தில் செய்யப்போவதும் அதேதான்.

ஆனால் போலரைஸ்ட் என்றால் யூ.வி.யையும், அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும், தடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது தனி விஷயம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் யூ.வி. சுமார் 10 வீதம் கூடும், நுவரெலியா டவுனோ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யூ.வி. மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கண்புரை வெட்டிய என் அப்பாவுக்கு, நன்றாகக் கறுப்பாக இருக்கிறதே என்று பஸ் ஸ்டாண்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் போட்டார். பிறகு சோதித்துப் பார்த்தால் யூ.வி. தாராளமாக உள்ளே போகிறது. இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்துவிடும், யூ.வி. போக இன்னும் வசதி. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. பனிமூட்டத்திலும் இரவிலும் கழற்றிவிடுங்கள், தம்பி.

தீக்குச்சி பற்றவைக்கும் பச்சை லேசர் பேனா ஒன்லைனில் மலிவாக வருகிறது. மகன் கேட்கிறான்.

வாங்காதீர்கள். பளபளப்பான எதில் பட்டுத் திரும்பினாலும் கண் போய்விடும்.

லேசர் டேப் வாங்கி வீட்டை அளந்தேன். ஜன்னல் பக்கம் மட்டும் 40 அடி கூடக் காட்டுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா? (பண்டாரவளை)

கருவி சரி. ஒளி ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கிறது. ஜன்னலில் வெள்ளை அட்டை ஒன்றை வைத்து அளங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. டிரையருக்குச் சூட்டுக் காற்று போகும் ஸ்டீல் குழாயை வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்தால் 40 பாகை காட்டுகிறது. கை வைத்தால் கொப்புளம் வரும் போல சுடுகிறது. டீமேக்கர் என்னைத் திட்டுகிறார். கருவி போலியா? (மஸ்கெலியா)

போலி இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரு பாடத்தை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தத் துப்பாக்கி வெப்பத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியை எண்ணுகிறது. மினுக்கமில்லாத கறுப்புப் பரப்பு தன் சூட்டுக்கு உரிய அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுக்க வெளியே விடும். பளபளக்கும் ஸ்டீல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட விடாமல் இருக்கலாம். மிச்சத்துக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எதிரே இருக்கும் குளிர்ந்த சுவரின் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. நீங்கள் அளந்ததில் பெரும் பகுதி அந்தச் சுவர்தான். 20 பாகை அறையில் 95 பாகைச் சூட்டில் இருக்கும் பளபளப்புக் குழாய் இப்படி 40ஐ ஒட்டிக் காட்டுவது கணக்குக்குச் சரியாகவே வருகிறது.

டிரையர் நின்று குழாய் ஆறிய பிறகு, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை உள்ளங்கை அளவுக்கு அடியுங்கள். மினுக்கமில்லாத பெயின்ட்டாக இருக்க வேண்டும். இனி அந்த இடத்தில் மட்டும் அளங்கள். கிட்ட நின்று அளங்கள். கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால், 12 அடி தள்ளி நின்றால் ஒரு அடி வட்டத்தின் சராசரிதான் வரும். சிவப்புப் புள்ளி குறிபார்க்க மட்டும், அது எதையும் அளப்பதில்லை. உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கு டிரையரில் பொருத்திய வெப்பமானியைத்தான் பார்க்க வேண்டும், துப்பாக்கியால் காற்றை அளக்க முடியாது. இதை டீமேக்கரிடமும் காட்டுங்கள், திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

குளிரில் நின்றுவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்கிறது. ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சுப் போட்டால் நிற்குமா?

நிற்காது. அது எதிரொளியைக் குறைக்கும் பூச்சு, ஆவிக்கு வேறு பூச்சு இருக்கிறது.

தெரிந்தவர் ஒருவரிடம் நீலக்கல் மோதிரம் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். முறிவுக் குணகம் பார்க்கும் கருவியில் 1.76 காட்டினார், அசல் நீலக்கல்லின் எண் என்றார். இப்போது வேறு கடையில் செயற்கைக் கல் என்கிறார்கள். எண் பொய்யா? (பதுளை)

எண் உண்மை. ஒளி கல்லுக்குள் எவ்வளவு முறிகிறது என்பதைச் சொல்லும் எண் அது. நீலக்கல் 1.762 முதல் 1.770 வரை காட்டும். உலையில் வளர்த்த நீலக்கல்லும் அதேதான் காட்டும், ஏனென்றால் அதுவும் அதே பொருள். வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த முறையை வெளியிட்டது 1902ல், நேற்று இல்லை. அந்தக் கருவி கண்ணாடிக் கல்லைப் பிடித்துக் கொடுக்கும், மண்ணில் பிறந்ததா உலையில் பிறந்ததா என்று சொல்லாது. அதற்கு நுணுக்குக்காட்டியில் உள்ளே இருக்கும் வளைந்த கோடுகளையும் குமிழ்களையும் பார்க்க வேண்டும்.

ஒன்றரை லட்சம் கொடுக்கும் முன், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் சோதித்து அறிக்கை வாங்கித் தா என்று ஏன் கேட்கவில்லை? பில்லும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பில் இல்லாமல் கல் வாங்கியவர்களின் கடிதம் எனக்கு மாதா மாதம் வருகிறது, மாதா மாதம் இதையே எழுதுகிறேன்.

கித்துல் பாணி வாங்கும்போது கடைக்காரர் பிரிக்ஸ் மீட்டரில் விட்டு 70க்கு மேல் காட்டினார். அசல்தானே? (கம்பளை)

மேலே சொன்னதேதான் இங்கேயும். ஒளி பாணிக்குள் எவ்வளவு முறிகிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் இனிப்பு எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லும். அந்த இனிப்பு கித்துல் மரத்திலிருந்து வந்ததா, சீனி மூட்டையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. பாணி காய்ச்சுகிற வீட்டையே தெரிந்துகொண்டு வாங்குங்கள். நேர்மையாகக் காய்ச்சுகிறவர்களுக்கும் நல்ல விலை போய்ச் சேரும்.

டிசம்பரில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குருவி பார்க்கப் போகிறோம். சிவப்பாக மின்னும் லென்ஸ் வைத்த தொலைநோக்கி ஒன்று மலிவாக இருக்கிறது. 30×60 என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

2012 ஏப்ரல் சீசனில் நுவரெலியாத் தெருவோரத்தில் நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். மாணிக்கம் மாதிரி இருந்தது. பூங்காவில் மரத்தடிக் குருவியைப் பார்த்தால் எல்லாம் பச்சை பாரித்து மங்கலாக இருந்தது. காரணம் எளிது. லென்ஸ் சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளி உள்ளே வராமல் வெளியே திரும்புகிறது என்று அர்த்தம். நெஞ்சு சிவந்த ஈப்பிடிப்பானைப் பார்க்க உங்களுக்கு வேண்டிய நிறமே அதுதான்.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஒளியில் சுமார் 4 வீதத்தைத் திருப்பிவிடும். தொலைநோக்கியின் ஒரு குழாயில் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் அதிலேயே போய்விடும். நல்ல பூச்சு ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு தடிப்பு இருக்கும், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பூச்சின் மேலே பட்டுத் திரும்பும் அலையும் அடியில் பட்டுத் திரும்பும் அலையும் மேடும் பள்ளமுமாகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். 1935ல் ஜெர்மனியில் சைஸ் கம்பனியின் ஸ்மாகுலா இதற்குக் காப்புரிமை எடுத்தார். ஆகவே லென்ஸைச் சரித்துப் பாருங்கள். மெல்லிய பச்சையோ ஊதாவோ மட்டும் தெரிந்து, உங்கள் முகம் மங்கலாகத் தெரிய வேண்டும். 8×42 (எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முன் லென்ஸ்), ஃபுல்லி மல்டி கோட்டட் (எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்று இருப்பதைத் தேடுங்கள். முப்பது மடங்கைக் கையில் பிடித்தால் குருவி ஆடும். காசு போதாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

அம்மாவுக்கு விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டர் வாங்கினோம். விடியற்காலை 84 காட்டியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே 97. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (நுவரெலியா)

ஓடியது சரிதான், அதற்காக வருந்த வேண்டாம். மீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பையும் 940ஐ ஒட்டிய அகச்சிவப்பையும் விரல் வழியாக அனுப்பி, துடிப்போடு சேர்ந்து எது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. குளிரில் விரைத்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் துடிப்பு சரியாகப் பிடிபடாது, எண்ணும் தாறுமாறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்துவிட்டு, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். ஆஸ்பத்திரிக் கருவி பக்கத்தில் இருக்கும்போதே உங்களுடையதையும் மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். சூடான விரலிலும் பெரிய வித்தியாசம் காட்டினால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

நம் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடவும் காட்டலாம். 2020ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அம்மாவுக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், மீட்டர் 96 காட்டினாலும் அன்றைக்கு ஓடியது மாதிரியே ஓடுங்கள்.