தோண்டிய மண்ணைத் தூக்கிக் கொட்டலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, இசிப்பிங்கோ தாழ்வுப் பகுதியில் எங்கள் கோயிலுக்கு அன்னதானக் கூடமும் கார் நிறுத்துமிடமும் கட்டப்போகிறோம். கீழே கறுப்புக் களிமண், மழை பெய்தால் கணுக்கால் வரை புதைகிறது. தோண்டிய களியை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டவே லாரிக்காரர் பெருந்தொகை கேட்கிறார். டர்பன் நகரத்துப் பெரியா (Berea) மேட்டில் அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டுகிறவர் செம்மண்ணைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கிப் போடலாமா?
– கோயில் குழு உறுப்பினர், இசிப்பிங்கோ

பதில்: தாராளமாக வாங்குங்கள் ஐயா. ஆனால் கொட்டிப் பரப்பினால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரியா மேட்டுச் செம்மண் உண்மையில் பழைய மணல் மேடுதான், காலப்போக்கில் இரும்புச் சத்தால் சிவந்து, கொஞ்சம் களி சேர்ந்து, அந்தக் களிதான் மணல் துகள்களைப் பிடித்து வைத்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், மேலே பாரம் இருக்கும்போது தண்ணீர் இறங்கினால் அந்தப் பிடி விட்டு மண் பொசுக்கென்று உள்ளே அமுங்கிவிடும். அதையே தோண்டி எடுத்து, சரியான ஈரத்தில் திரும்ப இறுக்கினால் நல்ல நிரப்பு மண் ஆகிவிடுகிறது.

சரியான ஈரம் எது? புட்டுக்கு மாவு பிசறுகிற பதம்தான். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். கையில் சேறாக ஒட்டினால் ஒரு நாள் காயவிடுங்கள். இறுக்கிய பிறகு 150 மில்லிமீட்டர் வருகிற மாதிரி ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, ரோலர் ஓட்டி, அடுத்த அடுக்குக்கு முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். கூம்புக் கம்பிச் சோதனை, அதாவது டிசிபி, மலிவானது: 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ, சுத்தியல் ஒவ்வொரு முறை விழும்போதும் கம்பி மண்ணுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 1970களில் அப்போதைய டிரான்ஸ்வால் மாகாணத்தில் சாலைக்காரர்கள் இதை நன்றாக வளர்த்தெடுத்தார்கள்.

செம்மண்ணை நேரே களியின் மேல் போட்டால் வண்டி ஓட ஓட களி மேலே பிதுங்கி இரண்டும் கலந்துவிடும், அப்புறம் இரண்டுமே உதவாது. நடுவில் ஜியோடெக்ஸ்டைல், அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற செயற்கை இழைத் துணி, விரியுங்கள். இன்னொன்று, ஒரு மீட்டர் உயரம் நிரப்பினாலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் பாரம் ஏறுகிறது. அந்தப் பாரத்துக்கே கீழே உள்ள களி மாதக்கணக்கில் மெதுவாகத் தண்ணீரை விட்டு அமுங்கும். அதனால் நிரப்பிவிட்டு அவசரப்படாமல் அளவுக்குச்சி நட்டு, அமுங்குவது நின்றதா என்று பாருங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு இவ்வளவு போதும். கூடத்தின் தூண்களை இந்த நிரப்பின்மேல் நிறுத்துவதா, ஆழத்தில் உள்ள கெட்டி மண் வரை நீண்ட தூண் இறக்குகிற பைல் அடிப்பதா என்பதை மண் பரிசோதித்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உங்கள் கறுப்புக் களியையும் கொட்டிவிடாதீர்கள்! முதலில் புல்வேர் உள்ள மேல்மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள், அது தோட்டத்துக்கு. அதற்குக் கீழே உள்ள களியில் உலர்ந்த எடைக்கு 3 முதல் 6 சதவீதம் சுட்ட சுண்ணாம்பு, அதாவது இன்னும் தண்ணீர் விட்டு நீற்றாத சுண்ணாம்பு, கலந்தால் நிலைமையே மாறிவிடும். ஈரக் களியில் நீற்றாத சுண்ணாம்பு விழுந்ததும் ஆவி கிளம்பும், ஒரு கிலோ சுண்ணாம்பு நீறவே 320 கிராம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காலையில் மண்வெட்டியில் அப்பிக்கொண்ட களி சாயங்காலம் பொலபொலவென்று உதிரும். ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி கிளறி இறுக்கினால், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டிப்படும். மக்கிய இலை, வேர் அதிகமுள்ள மண்ணில் இது சரியாகப் பிடிக்காது. சல்பேட் உள்ள மண்ணாக இருந்தால் உப்பிப் பெயர்ந்துவிடும். அதனால் ஆய்வகத்தில் முதலில் ஒரு வாளி மண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

பல வருடம் முன்பு டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் ஒரு வீட்டு வேலையில் மேல்மண்ணும் களியும் உடைந்த செங்கலும் ஒரே குவியலாக வந்தன. நான் அப்போது இளையவன், ‘அப்படியே போடு’ என்ற மேஸ்திரியை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் அந்த வீட்டு அம்மாவின் சமையலறைத் தரை அடுப்புக்கு முன்னால் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது, இன்றும் அது என் கண் முன்னால் நிற்கிறது. மண் வருகிற இடத்தையும் கேளுங்கள். பழைய பெட்ரோல் நிலையம், தொழிற்சாலை இருந்த இடத்து மண் என்றால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: மண்ணில் கலப்பது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பா அண்ணா? தோட்டக் கடையில் மூட்டை மலிவாகக் கிடைக்கிறதே?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றியது, கட்டட வேலைக்கு வருவதும் அதே குடும்பம்தான் தங்கச்சி. தோட்டக் கடையில் இருப்பது பெரும்பாலும் சுடாத சுண்ணாம்புக் கல்லை அரைத்த பொடி, அது செடிக்கு நல்லது, களியைக் கெட்டிப்படுத்தாது. மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். நீற்றாத சுண்ணாம்பைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், காற்றடிக்கும் நாளில் பரப்பாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் ஓடுங்கள்.