ஜனவரி 1-இல் 18 வயது: வளர்ப்புப் பிள்ளைக்கு அதற்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறோம். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) மூலம் சூடானின் டார்ஃபூரில் இருந்து தனியாக வந்த ஒரு பையனை 14 மாதமாக வளர்க்கிறோம். வருகிற ஜனவரி 1-ஆம் திகதி அவனுக்கு 18 ஆகிறது. தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை. நல்ல பிள்ளை, ஆனால் இரவில் நித்திரை இல்லை. சமையல், உடுப்புத் தோய்ப்பது எல்லாம் நான்தான் செய்து கொடுக்கிறேன். 18 ஆனதும் ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) அவனை வேறு எங்காவது அனுப்பிவிடுமா? தனியாக எப்படி வாழப்போகிறான்?

பதில்: அன்புள்ள அக்கா, உங்களைப் பயமுறுத்தும் கேள்விக்கே முதலில் வருகிறேன். 18 ஆனவுடன் அவனை, தஞ்சம் கேட்டவர்களை ஹோம் ஆபீஸ் தங்கவைக்கும் ஹோட்டலுக்கு அனுப்பவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது கவுன்சிலின் பராமரிப்பில் இருந்து, அதில் ஒரு பகுதி 16 வயதுக்குப் பின்னர் என்றால், 18-க்குப் பிறகும் அந்தப் பிள்ளை கவுன்சிலின் பொறுப்புத்தான். உங்கள் பையன் 14 மாதம் இருந்துவிட்டான். முடிவு வராமல் காத்திருக்கும் காலத்திலும் இருப்பிடத்தையும் செலவையும் கவுன்சில் பார்க்கவேண்டும். அவனுக்கு வழிகாட்டவென்று ஒரு பேர்சனல் அட்வைசரை (தனி ஆலோசகரை) நியமிப்பார்கள். அந்த உதவியை 25 வயது வரை கேட்கலாம்.

உங்கள் வீட்டிலேயே 21 வயது வரை இருக்கவும் வழி இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்த ஏற்பாட்டை ‘ஸ்டேயிங் புட்’ என்பார்கள். அவனும் விரும்பவேண்டும், நீங்களும் விரும்பவேண்டும். உங்களுக்கு வரும் காசு குறையக்கூடும், வீட்டில் அவனுடைய நிலையும் மாறும். அதனால் டிசம்பர் வரை காத்திராமல் இப்போதே பேசத் தொடங்குங்கள்.

அடுத்தது சட்டத்தரணி. ஜனவரி 1 என்பது அவன் பிறந்த நாளாக இல்லாமலும் இருக்கலாம். சரியான திகதி தெரியாத பிள்ளைகள் பலருக்குக் கடதாசியில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் சட்டத்துக்கு அந்தத் திகதிதான் கணக்கு. 18-க்கு முன்னர் நேர்காணல் நடந்தால், அவன் பக்கத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். 18-க்குப் பிறகு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. “நேர்காணலை முன்கூட்டியே கேட்க முடியுமா? அவனுடைய வாக்குமூலம் எழுதி முடிந்ததா?” என்று சட்டத்தரணியிடம் இந்த மாதமே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் எந்த மொழியில் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். டார்ஃபூர் பிள்ளைகளில் பலருக்குத் தாய்மொழி ஃபூர், மசாலித், சகாவா. அரபு இரண்டாம் மொழி. எங்கள் ஆட்களிலும் எத்தனை பேர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் தங்கள் கதையைச் சொல்லி, பிறகு “முரண்பாடு” என்று நிராகரிக்கப்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசவேண்டும். நீங்கள் பாசத்தில் செய்து கொடுக்கும் ஒவ்வொன்றும் அவன் கற்காமல் விடும் ஒன்று. விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தில் இருங்கள், வேலையை அவன் கை செய்யட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பாக இருந்த ஒரு பையன் தனி அறைக்குப் போனான். ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அறை துப்புரவாக இருந்தது, சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. மெத்தையைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஏழு பழுப்பு நிறக் கடித உறைகள், ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பிரித்தால் கெட்ட செய்தி வரும் என்ற பயம். அதில் ஒன்று மேன்முறையீட்டு விசாரணைத் திகதி. இன்னும் நான்கு நாள்தான் மிச்சம். அவன் பழைய வீட்டில் ஃபொஸ்டர் அம்மாதான் கடிதமெல்லாம் பிரித்துப் பார்ப்பார். நல்ல மனுசி. ஆனால் ஒரு உறையைக்கூட அவன் கையில் கொடுத்ததில்லை. அது என் கவனக்குறைவும்தான். அதைப்பற்றி நான் ஒருமுறையும் கேட்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரத்தைக் கடிதத்துக்கு ஒதுக்குங்கள். அவனே பிரிக்கட்டும், திகதியை விரலால் தொட்டுக் காட்டட்டும், தொலைபேசியில் படம் எடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பட்டும், கோப்பில் போடட்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் அவகாசம். முகவரி மாறினால் ஹோம் ஆபீசுக்கும் சட்டத்தரணிக்கும் உடனே சொல்லவேண்டும் என்பதையும் அவன் வாயால் சொல்லப் பழக்குங்கள்.

வைத்தியரிடம் நேரம் எடுப்பது, பஸ்ஸைத் தவறவிட்டால் மாற்று வழி பார்ப்பது, 20 பவுணுக்கு ஒரு வாரச் சாமான் வாங்குவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சமையலை வெண்டிக்காயில் தொடங்குங்கள். உலர்த்தி இடித்த வெண்டிக்காய்த் தூளில் செய்யும் குழம்பும், களி போலக் கிண்டிய ‘அசீதா’வும் அவன் ஊர்ச் சாப்பாடு. தமிழ்க்கடை வெண்டிக்காயைக் கையில் கொடுத்து, “உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள், எனக்குக் காட்டு” என்று கேளுங்கள். அன்றைக்கு அடுப்படியில் அவன் மாணவன் இல்லை.

நித்திரையைப் பற்றி. பாலைவனத்தையும் லிபியாவையும் கடந்து வந்த பிள்ளைக்கு இரவு என்பது விழித்திருக்கவேண்டிய நேரமாகப் பழகியிருக்கும். ஊர்ச் செய்தியும் இரவில்தான் தொலைபேசியில் வரும். 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஓயவில்லை. 2025 ஒக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம், இராணுவத்தோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணைப் படையின் கையில் விழுந்தது. சின்ன விளக்கு ஒன்று வையுங்கள். கதவு திறந்திருக்கவேண்டுமா, பூட்டியிருக்கவேண்டுமா என்று அவனையே கேளுங்கள். பயணக் கதையைத் தோண்டாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். நிலைமை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள், மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். குடும்பத்தோடு தொடர்பு அறுந்திருந்தால் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் இலவசமாகத் தேடிப் பார்க்கும். அதற்கு முன்னர் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காசு விசயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வேலை செய்ய அனுமதி இல்லை. 12 மாதம் கடந்தும் முடிவு வராமல், தாமதம் அவனால் ஏற்பட்டதும் இல்லையென்றால், அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் ஹோம் ஆபீசின் பட்டியலில் உள்ள வேலைகள் மட்டும்தான். ஆனால் கார் கழுவும் இடத்தில் கையில் காசு கொடுக்க ஆள் இருக்கும். ஊரில் தாய் காத்திருப்பார், கூட்டி வந்தவனுக்குக் கடன் பாக்கி இருக்கும். அந்த நெருக்கடியில்தான் பிள்ளைகள் சிக்குகிறார்கள். ‘யாருக்காவது காசு கொடுக்கவேண்டுமா?’ என்று திட்டாத குரலில் இப்போதே கேட்டு வையுங்கள். ஆம் என்றால் சோசல் வேர்க்கரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அவனிடம் மறைக்காதீர்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்தால் வேலை செய்யலாம், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுக்கலாம். தனி வீட்டுக்குப் போகும்போது சாமான் வாங்கக் கவுன்சில் தரும் தொகையை இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் இருந்து 3,000 பவுண் வரை உயர்த்தியிருக்கிறார்கள். பல கவுன்சில்கள் 25 வயது வரை கவுன்சில் டாக்சும் எடுப்பதில்லை. ஆனால் அந்தஸ்து கிடைத்தாலும் தாய் தகப்பனைக் கூப்பிடும் உரிமை அவனுக்கு இல்லை. இதை வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட விடாதீர்கள். சட்டத்தரணி மூலம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தெரியட்டும்.

இன்று இரவே சோசல் வேர்க்கருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், நகலை உங்களிடம் வையுங்கள். பாத்வே பிளான் என்பது 18-க்குப் பிறகு அவனுக்கு என்ன உதவி என்று கவுன்சில் எழுதும் திட்டம். நான்கு வரி போதும்: “பாத்வே பிளான் எழுதியாகிவிட்டதா? அதில் அந்தஸ்து கிடைத்தால், நிராகரித்தால், காத்திருந்தால் என்று மூன்றுக்கும் திட்டம் இருக்கிறதா? பேர்சனல் அட்வைசர் யார், எப்போது வருவார்? அவனும் நாங்களும் ஸ்டேயிங் புட் ஏற்பாட்டை விரும்புகிறோம், எப்போது பேசலாம்?” கடைசி வரியை அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சம்மதித்தால் ‘அனுப்பு’ பட்டனை அவனே அழுத்தட்டும்.