சாப்பாட்டு அறையில் மட்டும் ஒட்டிய போஸ்டர் போதுமா?

போதாது. அமெரிக்காவில் 22 பேர் வேலை செய்யும் அலுவலகம், சட்டப்படி ஒட்டவேண்டிய தொழிலாளர் உரிமை போஸ்டர்கள் எல்லாம் சாப்பாட்டு அறையில், நேர்காணல் நடப்பது முன்னறையில் என்கிறீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்க வருபவர் சாப்பாட்டு அறைக்குள் போகவே மாட்டாரே!

குறைந்தபட்ச ஊதிய போஸ்டரை ஊழியர்கள் பார்த்தால் போதும். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒரே சுவரில் ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் விண்ணப்பதாரர் கண்ணிலும் படவேண்டியவை தனி:

1. பாகுபாட்டுத் தடை பற்றிய இ.இ.ஓ.சி. (சம வேலைவாய்ப்பு ஆணையம்) போஸ்டர் (15 ஊழியர்கள் முதல்).
2. பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு எதிரான பாதுகாப்புச் சட்ட போஸ்டர். அநேகமாக எல்லாத் தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு.
3. குடும்ப, மருத்துவ விடுப்பு போஸ்டர். 50 பேர் முதல்தான் பொதுவாக வரும்; உங்களுக்கு இப்போது வேண்டாம்.

முதல் போஸ்டரின் தலைப்பைப் பாருங்கள். 'ஈக்குவல் எம்ப்ளாய்மெண்ட் ஆப்பர்ச்சூனிட்டி இஸ் தி லா' என்றிருந்தால் பழையது. 2022 அக்டோபரில் அதற்குப் பதிலாக 'நோ யுவர் ரைட்ஸ்' (உங்கள் உரிமைகளை அறியுங்கள்) வந்துவிட்டது. 2023 ஜூனில் அதையும் திருத்தினார்கள்.

ஆன்லைனில் மட்டும் விண்ணப்பம் வாங்கினால், வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே இணைப்பு கொடுங்கள். உள்ளே நுழைய பாஸ்வேர்ட் கேட்கக் கூடாது.

இது கூட்டாட்சிச் சட்டம் மட்டும். மாநிலத் தொழிலாளர் துறையின் பட்டியல் தனி, ஊழியரின் வேலைத் தகுதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசு முறையான ஈ-வெரிஃபையில் சேர்ந்திருந்தால் அதற்கும் போஸ்டர்கள் உண்டு. 'உடனே வாங்காவிட்டால் அபராதம்' என்று வரும் கடிதங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். கூட்டாட்சி போஸ்டர்கள் அரசு தளங்களிலேயே இலவசம்.