பெயரும் ஊரும் மட்டும் தெரிந்த முன்னோர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். குடும்ப மரம், யார் யாருக்குப் பிள்ளை என்று சொல்லும். அன்றாட வாழ்வை ஆராய்வது என்றால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதில் சம்பாதித்தார்கள், யாரிடம் கடன்பட்டார்கள் என்று தேடுவது. ரேஷன் கார்டுக்கும் மளிகைக் கடைப் பற்று நோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். முதலாவதில் ஆட்கள் இருப்பார்கள், இரண்டாவதில் அந்த வீட்டு வாழ்க்கை இருக்கும்.

முதலில் பரணில் கிடக்கும் பழைய பத்திரத்தை எடுங்கள். நான்கு எல்லை, கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை தென்னை, எந்த வரப்பு வழியாக நடைபாதை என்று எல்லாம் இருக்கும். பின்னால் தகராறு வரக்கூடாது என்று எழுதியதால்தான் இவ்வளவு நுணுக்கம். பெருமைக்காக எழுதியதில் இது கிடைக்காது. அப்புறம் மொய் நோட்டு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதில் உறவும் பகையும் தெரிந்துவிடும் (சில வீடுகளில் இதைக் காட்டவே மாட்டார்கள்!).

ஊர் நிலவரத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1876–78 தாது வருடப் பஞ்சத்தைத் தாண்டி வந்த குடும்பம் என்றால், அந்தக் கால அரசுப் பதிவுகளைப் பாருங்கள்.

“தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எதுவும் கிடைக்காது” என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கைநாட்டு வைத்த பத்திரத்தை எழுதியவர் வேறொருவர்.